படைத்தலைவனின் வலது தோள்

“ஈட்டி எங்கேய்யா போச்சு?”

வார இதழின் ஆசிரியர் போனில் எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.

“எந்த ஈட்டி சார்?” என்றார் எழுத்தாளர்.

“பன்னெண்டாவது அத்தியாயத்துல படைத்தலைவனோட வலது தோள்ல குத்தினியே, அந்த ஈட்டி. முன்னால பாஞ்சு முதுகு வழியா வெளிய வந்துச்சுன்னு வேற வர்ணிச்சிருந்தே. பதிமூணுல அதே ஆளு ரெண்டு கையாலயும் வாள் சுத்திக்கிட்டு பறக்கிற குதிரை மேல போறான். நடுவுல ஈட்டி எங்க போச்சு?”

“பிடுங்கிட்டாங்க சார்.”

“எப்ப?”

“ரெண்டு அத்தியாயத்துக்கும் நடுவுல ஒரு வாரம் இருந்துச்சே சார்.”

ஆசிரியர் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது. “ஒரு வாசகர் லெட்டர் போட்டிருக்கார். பச்சை மையில முத்து முத்தா எழுதியிருக்கார். படிக்கிறேன், கேளு.”

கடிதம் இதுதான்: ‘ஐயா, தங்கள் இதழில் வரும் செந்நாகக் கோட்டை தொடரைப் படித்து வருகிறேன். அந்த நாட்டுக்கு மூன்று நிலா என்கிறார் கதாசிரியர். நம்புகிறேன். குதிரைக்குச் சிறகு என்கிறார். அதையும் நம்புகிறேன். தோளில் ஈட்டி பாய்ந்தவன் மறுவாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கினான் என்கிறாரே, அதை மட்டும் நம்ப முடியவில்லை. முதலில் அவனை ஒரு சட்டையைப் போட்டுக் காட்டச் சொல்லவும்.’

“நியாயமான கேள்விதானேய்யா?” என்றார் ஆசிரியர். “இருபத்தஞ்சு அத்தியாயம் தாண்டட்டும், புத்தகமாப் போடலாம்னு உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இப்படி இன்னும் நாலு லெட்டர் வந்துச்சுன்னு வையி, உன் படைத்தலைவனைக் குதிரையிலேர்ந்து தள்ளிவிட்டு ‘முற்றும்’னு நானே போட்டுடுவேன். பாத்துக்கோ.”

புத்தகம் என்பது எழுத்தாளருக்குச் சின்ன விஷயமா என்ன? பதினெட்டு வருஷமாக எழுதுகிறார். தன் புனைபெயரைத் தாங்கி ஒரே ஒரு புத்தகம் அலமாரியில் நின்றுவிட்டால் போதும், அப்புறம் கண்ணை மூடிவிடலாம் என்பது அவர் ஆசை. அது கைக்கு எட்டுகிற நேரத்தில் யாரோ ஒரு பச்சை மை வந்து குறுக்கே நிற்கிறது.

பகலில் அவருக்கு வேறு வேலை. மின்விசிறிக் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. விசிறி சுற்றவில்லை என்று எழுதினாலும், சுற்றுகிறது ஆனால் காற்று வரவில்லை என்று எழுதினாலும், சுற்றிக்கொண்டே கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது என்று எழுதினாலும், அவரிடமிருந்து ஒரே பதில்தான் போகும்: ‘தங்கள் மேலான புகார் கிடைத்தது. ஆவன செய்யப்படும்.’

ஆனால் ஒன்று, இருக்கிறதைச் சொல்லத்தான் வேண்டும். எழுத்தில் வந்த புகாரை மனுஷன் ஒரு வரி விடாமல் படிப்பார். மையின் நிறம், எழுத்தின் சாய்வு, எந்த வார்த்தையை அழுத்தி எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் வைத்து, எழுதியவருக்கு என்ன வயசு, என்ன உத்தியோகம், கோபம் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். நேரில் வந்து வாயால் சொல்கிறவர்களிடம் மட்டும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எழுத்துல குடுங்க” என்பார். வாயால் சொன்னதெல்லாம் ஒரு புகாரா என்பது அவர் கட்சி.

பன்னிரண்டாம் அத்தியாயத்தின் மேல் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. படைத்தலைவன் குதிரையிலிருந்து விழும் சத்தத்துக்குச் சரியான வார்த்தை சிக்காமல் அன்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவைத்தாற்போல் பக்கத்து அறையில் ‘தொப்’பென்று ஒரு சத்தம். “என்ன அது?” என்று கத்தினார். “ஸ்டூல் கவுந்துடுச்சு” என்று மனைவியின் குரல் வந்தது. “சரி சரி” என்று சொல்லிவிட்டு, சூட்டோடு சூடாக ‘தொப்பென்று வீழ்ந்தான்’ என்று எழுதினார். அந்த வரியைப் பாராட்டி மூன்று பேர் கடிதம் போட்டார்கள்.

அவர் எழுதுகிற இடம் வீட்டு முன்னறையின் ஜன்னலோரம். நல்ல வெளிச்சமான இடம். முன்பு மனைவியின் தையல் மிஷின் அங்கே நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். சமீபமாகத் தையல் வேலை அவ்வளவாக இல்லை போலிருக்கிறது, மிஷின் மூடியே கிடந்தது. மூடிய மிஷின் எழுத எவ்வளவு சௌகரியமான மேஜை என்பதை அவர் இப்போதுதான் கண்டுபிடித்தார்.

போனை வைத்துவிட்டு அந்த மேஜையில் உட்கார்ந்தவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஏம்மா, தோள்ல ஈட்டி பாஞ்சா எப்படி இருக்கும்?”

மனைவி வெளியே வந்து அவரைப் பார்த்தாள். “அடிபட்டவங்களைக் கேட்டாத்தானே தெரியும்?”

“அடிபட்டவங்களுக்கு நான் எங்க போவேன்?”

“ஆமா, எங்க போவீங்க” என்றாள் அவள். “அது கிடக்கட்டும், பரண்மேல இருக்கிற அந்தப் பெரிய டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.”

“ஆவன செய்யப்படும்” என்று சொல்லிவிட்டு எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். டப்பா பரண்மேலேயே இருந்தது.

பதினாலாம் அத்தியாயத்தில் அவர் ஒரு மூலிகையைக் கொண்டுவந்தார். நீலநிலா மூலிகை. மலையுச்சியில், மூன்று நிலாவும் ஒன்றாக உதிக்கும் நேரத்தில் பறிக்க வேண்டும். அரைத்துப் பூசினால் ஒரே ராத்திரியில் காயம் ஆறிவிடும், தழும்புகூட இருக்காது. ஈட்டிக்கும் பதில் சொல்லியாயிற்று, தொடருக்கும் ஆபத்து இல்லை என்று நிம்மதியாக இருந்தார்.

அடுத்த வாரம் ஆசிரியர் போன் செய்தார். “யோவ், அந்த மூலிகை எங்க கிடைக்கும்?”

“கதையில சார்.”

“அதை நீ வந்து இந்த முப்பத்தெட்டு பேருக்குச் சொல்லு. மூட்டு வலி, முதுகு வலி, பல் வலின்னு எல்லாரும் விலாசம் கேட்டு எழுதியிருக்காங்க. ஒரு ஆளு மொத்த வியாபாரத்துக்கே கேட்டிருக்கார். பச்சை மைக்காரரும் விடலை.”

பச்சை மை இந்தத் தடவை நாலே வரிதான் எழுதியிருந்தது. ‘மூலிகை கிடைத்ததில் சந்தோஷம். புண் ஆறுவது வேறு, கை வருவது வேறு என்பது கதாசிரியருக்குத் தெரியாதா? அது போகட்டும், கை தூக்க முடியாதவனுக்கு இத்தனை நாளும் தலைவாரி விட்டது யார்?’

எழுத்தாளர் கடிதத்தை வாங்கி வந்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ‘ழ’வின் வால் நத்தைபோலச் சுருண்டிருந்தது. வரி கோணாத எழுத்து. தேவையில்லாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. “ரிட்டயர்டான ராணுவ அதிகாரி” என்று முடிவுகட்டினார். “சண்டையில நிஜமாவே தோள்ல அடிபட்டவர். ஆறடி உயரம். மீசை உண்டு.”

“மீசை எப்படித் தெரிஞ்சுது?” என்றாள் மனைவி.

“எழுத்துல தெரியுது பாரு.”

மனைவி அந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ராணுவ அதிகாரியை ஏமாற்ற முடியாது, விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும் என்று எழுத்தாளருக்குப் புரிந்தது. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்காது. ஆபீஸ் விட்டதும் நேராக மருந்துக் கடைக்குப் போனார்.

“ஈட்டிக் காயத்துக்கு என்ன மருந்து குடுப்பீங்க?”

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “யாருக்கு?”

“ஒரு படைத்தலைவருக்கு. தோள்ல ஏறி முதுகு வழியா வந்துடுச்சு.”

“குத்தி எத்தனை நாளாச்சு?”

“மூணு வாரம் ஆச்சு.”

“யாரு குத்தினது?”

“நான்தான்” என்றார் எழுத்தாளர், கொஞ்சம் கூச்சத்துடன். பாராட்டை எதிர்பார்த்தவர்போலப் புன்னகையும் செய்தார்.

மருந்துக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். மீதிப் பாதி வழியாகக் குனிந்து பார்த்து, “எதிர் மாடியில எலும்பு டாக்டர் இருக்கார். எதுவா இருந்தாலும் அவர்கிட்ட சொல்லிக்குங்க. நான் உங்களைப் பாக்கவே இல்லை” என்றார்.

எலும்பு டாக்டர் நிதானமானவர். முழுவதையும் கேட்டுக்கொண்டு, “ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

“வர மாட்டார் டாக்டர். கோட்டையில இருக்கார்.”

“எந்தக் கோட்டையா இருந்தாலும், ஆயுதத்தால குத்துன காயம்னா நான் போலீசுக்குச் சொல்லியாகணும்.”

“ஐயையோ, சும்மா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம் டாக்டர்! தோள்ல பலமா அடிபட்ட ஒருத்தர். என்ன செய்யணும்?”

“சும்மா பேச்சுக்குன்னா, பொதுவா ஆறு வாரம் வரைக்கும் கையைத் தொட்டில் மாதிரி துணியில கட்டி வெச்சிருக்கணும். ஆனா...” என்று டாக்டர் போனைப் பக்கத்தில் இழுத்தார். அவர் எடுத்தது தன் வீட்டுக்குப் பேசத்தான். எழுத்தாளருக்கு அது போலீஸாகவே பட்டது. டாக்டரின் ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வந்தது என்று கேட்க அவர் அங்கே இல்லை, மாடிப்படியில் இருந்தார்.

ஆறு வாரம் என்பது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வாரம் எப்படி இருக்கும்? கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பட்டுத் தெரிந்துகொள்வது மேல் என்று எழுத்தாளர் அதிரடியாக ஒரு முடிவு எடுத்தார். மறுநாள் காலை, மனைவியின் துணிக் கூடையிலிருந்து ஒரு நீளத் துண்டை உருவி, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். படைத்தலைவனுக்கு அடிபட்டது வலது தோள். எழுத்தாளருக்கு எழுத வலது கை வேண்டும். ஆகவே கட்டியது இடது கையை. இலக்கியத்தில் இந்த அளவு சமரசம் தப்பில்லை.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். “என்ன ஆச்சு?” என்று பதறிக்கொண்டு வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நின்றாள். “ஒண்ணுமே ஆகாத கைக்குக் கட்டா?”

“வலின்னா என்னன்னு தெரிய வேண்டாமா?”

“வேணும், வேணும்” என்றாள். “கட்டாயம் தெரியணும்.”

ஆபீஸில் தலைகீழாகப் போயிற்று. வெளியில் எழுதுவதற்குக் கம்பெனியில் அனுமதி கிடையாது, அதனால்தான் புனைபெயரே. எனவே மேனேஜர் கேட்டதும், “வழுக்கி விழுந்துட்டேன் சார்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார்.

மேனேஜர் இரக்கமுள்ளவர். இரக்கமுள்ள மேலதிகாரிபோல ஆபத்தானவர் உலகத்தில் கிடையாது. “அடடா, ஒரு கையால எப்படி டைப் அடிப்பீங்க? கை சரியாகிற வரைக்கும் முன்பக்க கவுண்டர்ல உக்காருங்க. எழுதற வேலையே இல்லை. நேர்ல வர்றவங்க சொல்ற குறையைக் காதால கேட்டாப் போதும்.”

இருபது வருஷமாக அவர் தப்பித்துவந்த வேலை அதுதான்! முதல் நாளே பதினேழு பேர். ஒவ்வொருவரும் விசிறியில் ஆரம்பித்து மருமகன்வரை போனார்கள். எழுத்தாளர் பழக்க தோஷத்தில் குனிந்தபடியே “எழுத்துல குடுங்க, எழுத்துல குடுங்க” என்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒரு அம்மாள், கையில் உடைந்த விசிறி இறக்கையோடு வந்தவர், அதால் மேஜையைத் தட்டினார்.

“சார், எழுதறேன், எழுதாம போறேன். ஒரு தடவை நிமிந்து என் மூஞ்சியைப் பாத்து ‘என்னம்மா ஆச்சு’ன்னு கேட்டா உங்க கம்பெனி திவாலாயிடுமா?”

எழுத்தாளர் நிமிர்ந்தார். அந்த வசனம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மேஜை இழுப்பறையில் இருந்த நோட்டில் குறித்துக்கொண்டார்.

வீட்டிலோ, வாழ்க்கை அவருக்கு ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. ஒற்றைக் கையால் சட்டை போடுவதற்கு முதல் நாள் பத்து நிமிஷம் ஆனது. மனைவி வந்து, “அடிபட்ட கையை முதல்ல விடணும், நல்ல கையை அப்புறம். கழட்டும்போது நேர்மாறா” என்றாள். ஆஹா என்று எழுதிக்கொண்டார். மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் தவித்தபோது, அவள் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஒரே திருகில் திறந்து கொடுத்தாள். அதையும் எழுதிக்கொண்டார். படுக்கும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் தொங்கி இழுக்கும் என்றாள். அப்படியே ஒரு பக்கம் எழுதினார்.

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தார்.

“எப்படித் தெரியும்னு நினைக்கிறீங்க?” என்றாள் அவள், அவர் முகத்தையே பார்த்து.

“தையல்காரிக்குத் தெரியாத கையா, தோளா!” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு அவர் எழுதப் போய்விட்டார்.

தலைவாரும் பிரச்சினைதான் பாக்கி. அதற்கும் வீட்டிலேயே தீர்வு கிடைத்தது. ஒரு நாள் மனைவியைப் பார்த்தவருக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. “உன் பின்னல் எங்க?”

“வெட்டிட்டேன். நாலு நாளாச்சு.”

“நல்லாத்தான் இருக்கு. வாரற தொல்லை இல்லை பாரு!” என்று சொல்லும்போதே அவருக்குப் பொறி தட்டியது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில், போர் முடியும்வரை வாரிப் பின்ன ஆளில்லை என்று படைத்தலைவன் தன் நீண்ட கூந்தலைத் தானே அறுத்தெறிந்தான். அந்த அத்தியாயத்துக்கு வந்த பாராட்டைப் பார்த்து ஆசிரியரே அசந்துபோனார்.

பச்சை மையும் இறங்கிவந்துகொண்டிருந்தது. ‘சட்டை போட்ட இடம் நன்று.’ ‘புட்டியை முழங்காலில் இடுக்கியது மெத்தச் சரி.’ ‘கூந்தலை அறுத்ததும் சரிதான், ஆனால் அன்றைக்கு அவன் அழுதிருப்பான், கதாசிரியர் அதை விட்டுவிட்டார்.’

பரீட்சையில் ஒவ்வொரு மார்க்காக வாங்கும் பையன்போல எழுத்தாளர் மகிழ்ந்தார். ஆனால் இருபத்தொன்றாம் அத்தியாயம் வந்த வாரம் வேறு மாதிரி ஒரு கடிதம் வந்தது. அதில் கேலி இல்லை. ஒரே கேள்விதான்.

‘ஐயா, காயம், கட்டு, மருந்து எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை வாரமாகப் படைத்தலைவன் வலியோடு அந்த அரண்மனையில் நடமாடுகிறானே. அவனோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவர்கூடவா அவனிடம் வந்து, வலிக்கிறதா என்று கேட்கவில்லை?’

எழுத்தாளர் அதை நாலு தடவை படித்தார். மனசை என்னவோ செய்தது. பாவம், அந்த ராணுவ அதிகாரி எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தாரோ என்று நினைத்துக் கண் கலங்கினார். உடனே எழுத உட்கார்ந்தார்.

“என்னங்க, இந்த ஈரப் போர்வையைக் கொடியில போட...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“உஸ்! இப்ப பேசாதே. உயிரான இடம்” என்றார்.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், அரசனே படைத்தலைவனின் அறைக்கு வந்தான். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான். கவுண்டரில் விசிறி இறக்கையோடு வந்த அம்மாள் சொன்னதும் எழுத்தாளருக்கு அங்கே கைகொடுத்தது. “இத்தனை நாளாக உன் வாளைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. வலிக்கிறதா?” என்று அரசன் கேட்டான். இரும்பு நெஞ்சுக்காரனான படைத்தலைவன், ஈட்டி பாய்ந்தபோதும் அழாதவன், அந்த ஒரு வார்த்தைக்கு உடைந்து அழுதான்.

இதழ் வந்ததும் மனைவி அதை நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தாள்.

“இதை நீங்களா எழுதினீங்க?”

“பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?”

“நல்லா இருக்குங்க” என்றாள். “கேக்க வேண்டியவங்க கேட்டா, பாதி வலி போயிடும்.” சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பவள்போல நின்றாள்.

“என்ன?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்லை” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆசிரியர் போனிலேயே மூக்கைச் சிந்தினார். “யோவ், என் பெண்டாட்டி அந்த அத்தியாயத்தைப் படிச்சுட்டு, ‘நீங்க என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கீங்களா’ன்னு ராத்திரிச் சாப்பாட்டையே போடலைய்யா! இருபத்தஞ்சு வரைக்கும் காத்திருக்க வேண்டாம், புத்தகத்துக்கு இப்பவே ஆரம்பிச்சாச்சு. ஒரே ஒரு நிபந்தனை. முதல் பக்கத்துல சமர்ப்பணம் அந்தப் பச்சை மைக்காரருக்குத்தான். அவர் இல்லேன்னா உன் படைத்தலைவன் இன்னும் மூலிகை பூசிக்கிட்டு இருப்பான். பேரும் விலாசமும் கண்டுபிடிச்சுக் குடு.”

“அவர் எந்த லெட்டர்லயும் பேரே போடலையே சார்!”

“புகார்ப் பிரிவுலதானே இருக்கே? கண்டுபிடி.”

கண்டுபிடித்துவிடலாம் என்ற உற்சாகத்தில், ஆறு வாரமும் முடிந்துவிட்ட சந்தோஷத்தில், எழுத்தாளர் கட்டை அவிழ்த்து இடது கையை ஜோராக மேலே தூக்கினார். கை வரவில்லை. மார்பு உயரத்துக்கு வந்தது, அதற்குமேல் நான் ஏன் வரணும் என்று நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் முக்கினார். நட்சத்திரங்கள் தெரிந்தன, நிலாவே மூன்று தெரிந்தது.

எலும்பு டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “ஆறு வாரமா அசைக்கவே இல்லையா? ‘ஆனா, கட்டியே வெச்சிருந்தா தோள் இறுகிடும், நடுநடுவுல அவுத்து மெதுவா அசைக்கணும்’னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஓடிட்டீங்க. சரி, கையில என்ன அடி?”

“அடியே இல்லை டாக்டர்” என்றார் எழுத்தாளர் ஈனஸ்வரத்தில்.

டாக்டர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்போல ஒரு சீட்டில் விறுவிறுவென்று எழுதினார். “ரெண்டு தெரு தள்ளி தசைப் பயிற்சி நிலையம் இருக்கு. மூணு மாசம் போங்க.”

வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றும் ஆகாத கையைத் தானே கட்டித் தானே கெடுத்துக்கொண்டேன் என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? “புத்தக வேலையா வெளிய போறேன்” என்று கிளம்பினார். “நானும் நாளைக்குச் சாயங்காலம் வெளிய போகணும்” என்று மனைவி ஏதோ சொன்னாள். “ஆவன செய்யப்படும்” என்று படியிறங்கினார்.

பயிற்சி நிலையத்தின் உள்ளே நுழைந்ததும் அவருக்குக் கண் விரிந்தது. அடடா, முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே! சுவரில் கப்பியும் கயிறும். ஒரு பெரியவர் அதைப் பிடித்து, ஒரு கையால் இழுத்து மறு கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் சுவரில் விரல்களாலேயே ஏறிக்கொண்டிருந்தாள், சிலந்திபோல, ஒவ்வொரு அங்குலமாக. சுவரில் பென்சில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதி. அவரவர் கை போன வாரம் எதுவரை ஏறியது என்ற கணக்கு. காத்திருப்போர் பெஞ்சில் அவர் தொடர் வரும் வார இதழ் கையழுக்குப் படிந்து கிடந்தது. எழுத்தாளர் பெருமை பொங்க அதை ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

முன் மேஜையில் ஒரு இளம்பெண், பேர் பதிகிறவள், அட்டையை எடுத்தாள். “பேர் சொல்லுங்க சார்.”

புனைபெயரைச் சொல்லாமல் ஆபீஸ் பேரையே சொன்னார். அவள் எழுதினாள். ‘கிழமை: வியாழன்’ என்றும் எழுதினாள். எழுத்தாளர் அட்டைமேல் குனிந்தார். மை பச்சை. வரி கோணாத முத்து முத்தான எழுத்து. கிழமையின் ‘ழ’வுக்கு நத்தைபோலச் சுருண்ட வால்.

“நீங்களா!” என்று அலறியே விட்டார். கப்பிக் கயிற்றுப் பெரியவர் கையை நழுவவிட்டார்.

“என்ன சார்?”

“செந்நாகக் கோட்டைக்கு லெட்டர் போடறது நீங்களா? ஈட்டி எங்க போச்சு, தலைவாரி விட்டது யாரு, வலிக்குதான்னு கேட்டது யாரு... அவ்வளவும் நீங்களா?” ஆறடி உயரம், மீசை எல்லாம் அவர் கண்முன்னால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்! உங்க பேரைச் சொல்லுங்க, புத்தகத்துல முதல் பக்கத்துல போடணும்!”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ, எழுத்து மட்டும்தான் சார் என்னுது. சொல்லச் சொல்ல எழுதினேன், அவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் இங்க ஒரு தையல்காரம்மா வர்றாங்க, ஸ்டூல்லேர்ந்து விழுந்து வலது தோள்ல தசை கிழிஞ்சு மூணு மாசமாச்சு, பேனாகூடப் பிடிக்க முடியாது. அந்தக் கதையை எழுதறதே அவங்க வீட்டுக்காரர்தானாம். வாயால சொன்னா அந்த மனுஷன் காதுல ஏறாதாம், புகாரை எழுத்துல குடுத்தாத்தான் படிப்பாராம்!”